இணைப்பில் உறையும் இடர்

இலண்டன் மாநகரின் அடியில் 42 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்கள் குடைந்து முடிக்கப்பட்டது 2015ஆம் ஆண்டில். 2018 டிசம்பரில் தொடர்வண்டி ஓடும் என அறிவித்தனர். ஓடியதோ 2022 மே 24ஆம் நாளில். 1,480 கோடி பவுனாக இருந்த மதிப்பீடு 1,800 கோடியைத் தாண்டிற்று. இன்று எலிசபெத் தடம் என வழங்கும் அப்பாதையில் நிலையப் பணிகளும் பின்தங்கின என்பது உண்மையே. எனினும் மண்ணை வென்ற பொறியாளரைப் பெரிதும் வருத்தியது கண்ணுக்குப் புலனாகாத மென்பொருள் என்பது நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

அத்தடத்தில் சமிக்ஞை முறைகள் மூன்று. நடுச் சுரங்கத்தில் வானலை வழியே வண்டியோடு இடையறாது உரையாடும் முறை. ஹீத்ரோ விமானநிலையக் கிளையில் ஐரோப்பியப் பொதுமுறை. ஏனைய பகுதிகளில் பழைய பிரித்தானிய முறை. ஒரே வண்டி மூன்று மொழிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். எல்லையில் ஒன்றைவிட்டு மற்றொன்றைப் பற்றுதலும் வேண்டும். வண்டியைச் செய்த நிறுவனம் ஒன்று. சுரங்கச் சமிக்ஞையை அமைத்த நிறுவனம் வேறொன்று. முதன்மை ஒப்பந்தங்களோ முப்பதுக்கும் மேற்பட்டவை. அவரவர் ஆவணம் அவரவரளவில் செம்மையாக இருந்தாலும், இருவர் பணியும் கூடுமிடத்திற்கு உரியவர் யார்?

இவ்வினாவிற்கு விடை தேடுவதே மாதிரிவழி அமைப்புப் பொறியியல். அரிசோனாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வைமோர் 1993இல் இப்பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் இதற்கென சிஸ்எம்எல் என்னும் வரைமொழியும் உருவாயிற்று. தனித்தனி ஆவணங்களுக்கு மாறாக, திட்டம் முழுமைக்கும் கணினியில் ஒரே மாதிரியை அமைப்பது இதன் நெறி.

மேற்கூறிய தடத்தின் நடுப்பகுதி நிலையங்களில் நடைமேடைக்கும் கண்ணாடிக் கதவுகள் உண்டு. வண்டிக் கதவும் நடைமேடைக் கதவும் ஒருங்கே திறத்தல் வேண்டும். மாதிரியில் இத்தேவை ஒரு முடிச்சு. அதனின்று வண்டியின் கணினிக்கும், சமிக்ஞைக் கருவிக்கும், கதவின் விசைக்கும், இறுதியில் செய்யவேண்டிய சோதனைக்கும் இழைகள் செல்லும். ஓரிடத்தில் மாற்றம் நேரின் எவ்வெவ்விடங்கள் அசையும் என்பது கட்டுமானத்திற்கு முன்னரே புலனாகும். தாள் ஆவணத்தில் இதனை ஒருவர் நினைவில் வைத்துத் தேடவேண்டும்; அவர் பணிமாறிச் சென்றால் நினைவும் உடன்செல்லும்!

மாதிரி இருந்திருப்பின் தாமதமே நேர்ந்திராது என நாம் கூறத் துணியோம். நாள்தோறும் திருத்தப்படாத மாதிரி சுவரோவியத்திற்கு ஒப்பானது. அதற்குரிய செலவும் தொடக்கத்திலேயே, காட்டுவதற்கு ஒரு செங்கல்லும் இல்லாத வேளையில் வந்து நிற்கிறது. பொருள் ஒதுக்குவோர் முதலில் கைவைப்பதும் அதிலேதான்.

மூன்று பகுதிகளும் இணைந்து முழுக் கால அட்டவணைப்படி அத்தடத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கியது 2023 மே மாதத்தில்.