மதிப்பெண் குறைந்த வீட்டில்…

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளன்று நம் இல்லங்கள் பலவற்றில் காலை உணவு தொடப்படாமலே ஆறிப்போகிறது. எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லையெனில் பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறது, தாய் கண் கலங்குகிறாள், தந்தையோ, "ஊராருக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று குமுறுகிறார். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய வேளையில் ஊராரின் முகத்தைப் பார்க்கின்றோம். இது முறையா என்று சற்றே சிந்திப்போம்.

மதிப்பெண் தேவையற்றது என்று நாம் கூற வரவில்லை. பொறியியற் கல்லூரிச் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டே தரவரிசை வகுக்கின்றனர். அங்கே அரை மதிப்பெண்ணுக்கும் மதிப்புண்டு. ஆயினும், அந்த எண் அளப்பது சில மணி நேரத்தில் எழுதிய விடைகளை மட்டுமே. பிள்ளையின் பொறுமையையும் கைத்திறனையும் நேர்மையையும் அளக்கும் கோல் அதனிடம் இல்லை.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904ஆம் ஆண்டு உதவித்தொகையுடன் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவியை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவரே 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். நம் பிள்ளைகள் அனைவரும் இராமானுஜன்கள் அல்லர் என்பது உண்மையே. எனினும் அவர் வரலாற்றில் பெற்றோர்க்கு ஒரு பாடம் உண்டு. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர், வேலை தேடி வந்த அவ்விளைஞரிடம் தேர்வு முடிவைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார். அத்தகைய பெரியோர் சிலர் கைகொடுத்தமையாலேயே அவர் உயர்ந்தார். நம் வீட்டுப் பிள்ளையின் குறிப்பேட்டை நாம் என்றேனும் புரட்டிப் பார்த்ததுண்டா?

அழுகை ஓய்ந்தபின் ஆக வேண்டியவற்றைக் கவனிப்போம். மதிப்பீட்டில் ஐயமிருப்பின் குறித்த நாளுக்குள் விடைத்தாள் நகல் பெற்று, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். தேறாதோர்க்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் ஒன்றிரண்டு கல்லூரிகளை மட்டும் குறித்துவிட்டு ஏமாறாமல், விருப்ப வரிசையில் பலவற்றைக் குறிப்பது நலம். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றோர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு. கலை, அறிவியல் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் நம்மை எதிர்நோக்கியே இருக்கின்றன. இவற்றைத் தாழ்வாகப் பேசும் பழக்கத்தை நாம்தாம் விட்டொழிக்க வேண்டும்.

பெற்றோரே, அந்நாள்களில் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும் பேசாமலும் இருந்தால் தனியே விடாதீர்கள். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை எந்நேரமும் கிடைக்கும். அதை நாடுவதில் இழுக்கு ஏதுமில்லை. போன ஓர் ஆண்டை ஈடு செய்யலாம். போன உயிரை யாரால் மீட்க இயலும்?

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் கூடும்போது, "எத்தனை மார்க்?" என்று கேட்பதை இவ்வாண்டு நாம் அனைவரும் நிறுத்துவோம். "என்ன படிக்க விரும்புகிறாய், தம்பி? நாங்கள் ஏதேனும் உதவட்டுமா?" என்று கேட்போம். அக்கேள்விக்குத் தலைநிமிர்ந்து விடை சொல்ல எந்தப் பிள்ளையாலும் இயலும்.