மட்டி இருக்கும் ஆறு, மட்டி பிழைக்காத ஆறு

மட்டி என்றாலே நமக்குச் சேறுதான் ஞாபகம் வரும். குளமோ ஏரியோ வற்றும்போது சேற்றில் பாதி புதைந்து கிடக்குமே, அந்த லாமெல்லிடென்ஸ் வகை மட்டிக்குத் தேங்கிய தண்ணீரும் சேறும் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் எல்லா நன்னீர் மட்டியும் இப்படிக் கிடையாது. ஐரோப்பாவின் முத்து மட்டி நேர் எதிர் ரகம். ஸ்காட்லாந்து, நார்வே, ஜெர்மனியின் பவேரியா போன்ற இடங்களில் குளிர்ச்சியாக, தெளிவாக ஓடும் ஆறுகளில்தான் அது வாழும்.

முதலில் சுண்ணாம்புக் கதை. மட்டியின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அப்படியென்றால் கால்சியம் நிறைய உள்ள தண்ணீரைத்தானே தேட வேண்டும்? இது தேடுவது மென்னீரை! கருங்கல் மாதிரியான, எளிதில் கரையாத பாறைகள் மேல் ஓடிவரும், கால்சியமும் சத்துக்களும் குறைந்த தண்ணீர். கிடைக்கிற கொஞ்சத்தை வைத்து மெல்ல மெல்ல ஓடு கட்டுகிறது. வளர்ச்சி மெதுவு, ஆயுசு நீளம்: நூறு வயதைத் தாண்டுவது இந்த இனத்தில் சகஜம்.

இந்த நீண்ட ஆயுசுதான் நம்மை ஏமாற்றுகிறது. பல ஆறுகளில் இன்றைக்கும் இந்த மட்டிகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் "பரவாயில்லையே" என்று தோன்றும். வயதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: எல்லாமே கிழடு. பல பத்தாண்டுகளாக ஒரு குட்டிகூடச் சேரவில்லை.

ஏன்? அதன் பிள்ளைப்பருவத்தைப் பார்க்கணும். கோடையில் ஒரு தாய் மட்டி லட்சக்கணக்கான இளம் உயிரிகளைத் தண்ணீரில் விடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவை சால்மன் அல்லது டிரவுட் மீனின் செவுளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வேறு மீன் சரிப்படாது. அந்த மீன் ஆற்றுக்கு வரவில்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. ஒட்டியவை பல மாதம் அங்கேயே தங்கி, அடுத்த வருஷம் கோடை தொடங்கும்போது உதிர்ந்து, ஆற்றின் அடியில் உள்ள சரளைக்குள் இறங்கும். அங்கே சுமார் 5 வருஷம் புதைந்தே வாழணும்.

சிக்கலே இங்கேதான். பெரிய மட்டி தன் உடம்பின் ஒரு பகுதியை வெளியே நீட்டி, ஓடும் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும். குட்டிக்கோ சரளைக் கற்களுக்கு இடையில் ஊறி ஓடும் தண்ணீர்தான் மூச்சு. வயலிலிருந்தும் கரையிலிருந்தும் அரித்துவரும் நுண்மண் அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போகாது. உரத்தோடு வரும் பாஸ்பேட்டால் பாசி வளர்ந்து, அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். மேலே ஆறு பளிங்கு மாதிரி ஓடும், கீழே குட்டி மூச்சுத் திணறிச் சாகும்.

கைஸ்ட், அவர்ஸ்வால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. குட்டிகள் பிழைக்கும் ஆறுகளில், ஓடும் தண்ணீருக்கும் சரளைக்குள் 5, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள தண்ணீருக்கும் ஆக்சிஜன் நிலையைக் காட்டும் ரெடாக்ஸ் அளவில் பெரிய வித்தியாசமே இல்லை. குட்டிகள் இல்லாத ஆறுகளில் மேலும் கீழும் இரண்டு வேறு உலகம். ஆக, மேல் தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் பாதிக் கதைதான் தெரியும்.

பெரிய மட்டியைப் பிடிக்கத் தடை போட்டால் மட்டும் போதாது என்பது இப்போது புரிந்திருக்கும். ஜெர்மனியின் லுட்டர் ஆற்றில் வேறு வழியில் போனார்கள். ஆற்றில் சேரும் ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் மணலைப் பிடித்து நிறுத்தக் குட்டைகள் வெட்டினார்கள். கரையோர நிலங்களை வாங்கி, அங்கே தீவிர விவசாயத்தைக் குறைத்தார்கள். மணல் வரத்து குறைந்தது, சரளை மறுபடி மூச்சு விட்டது. குட்டி மட்டிகளும் திரும்ப வந்தன.

ஒரு ஆற்றில் மட்டி இருக்கிறதா என்று யாராவது கேட்டால், கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது: அதில் எத்தனை குட்டி? கிழட்டு மட்டி சொல்வது எழுபது, எண்பது வருஷத்துக்கு முந்தைய ஆற்றைப் பற்றி. இன்றைய ஆறு எப்படி இருக்கிறது என்று குட்டிதான் சொல்லும்.