உங்களுக்குத் தெரியுமா? மருந்து கலந்த தண்ணீரும் புற ஊதா ஒளியும்

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீரிலிருந்த ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் பழுதான தலைமுறைகளைப் பார்த்த ஊர் இது. இன்று பல வீடுகளுக்குக் குழாயில் வருவது ஒகேனக்கல் காவிரி. அந்தக் காவிரியோடு நாம் விழுங்கும் மாத்திரைகளின் மிச்சமும் வந்தால் என்ன செய்வது?

★ விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது?
எச்.ஐ.வி. சிகிச்சையில் கொடுக்கப்படும் லாமிவுடின் மருந்தில் ஏறத்தாழ 70 சதவீதம் எந்த மாற்றமும் இல்லாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. பன்றிக் காய்ச்சலுக்குத் தரும் ஓசெல்டமிவிர் கல்லீரலில் வேறு வடிவம் எடுக்கிறது. வைரஸை எதிர்ப்பது அந்த வடிவம்தான். வேலை முடிந்ததும் அதுவும் சிறுநீரகம் வழியே சாக்கடைக்குப் போய்ச் சேருகிறது.

★ பிரியாணிக்குள் ஒரு வைரஸ் மருந்து
பிரியாணிக்குத் தாளிக்கும் அன்னாசிப்பூவில் ஷிகிமிக் அமிலம் இருக்கிறது. ஓசெல்டமிவிர் தயாரிக்க நெடுங்காலம் முக்கிய மூலப்பொருளாக இருந்தது இதுதான். 2005-இல் பறவைக் காய்ச்சல் பயத்தில் உலக நாடுகள் இந்த மருந்தை வாங்கிக் குவித்தபோது அன்னாசிப்பூவுக்கே கிராக்கி வந்தது. அதற்காகப் பூவை மென்றால் காய்ச்சல் போகாது. ஆலையில் பல வேதிவினைகளைத் தாண்டிய பிறகுதான் அது மருந்தாகிறது.

★ சென்னையில் தொடங்கிய கதை
இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியது. அதனால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. அந்த மருந்துகளைக் குறை சொல்ல இங்கே எதுவும் இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடுவதுதான் குறை.

★ ஒகேனக்கல்லுக்கு மேலே யார்?
பெங்களூரு நகரத்தின் கழிவைச் சுமக்கும் விருஷபாவதி, அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி, மேகேதாட்டுக்குச் சற்று மேலே சங்கமத்தில் காவிரியோடு சேருகிறது. அடுத்து காவிரி வந்து விழுவது ஒகேனக்கல் அருவியில். அதே நகரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டும் நீர் தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகள் வழியாக இருமத்தூர் பக்கம் வருகிறது. மேற்கிலும் கிழக்கிலும் தருமபுரி ஒரு பெருநகரத்தின் கீழ்மடையில் இருக்கிறது.

★ காவிரியைச் சோதித்தார்கள்
சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் லிகி பிலிப் தலைமையிலான குழு இரண்டு ஆண்டுகள் காவிரி நீரைச் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டது. வலி மருந்துகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ரத்த அழுத்தத்துக்கான அட்டெனோலால், வலிப்பு நோய்க்கான கார்பமாஸெபைன், ஆன்டிபயாடிக்கான சிப்ரோஃப்ளாக்சசின், காபியிலுள்ள கஃபைன் எல்லாமே தண்ணீரில் இருந்தன. வைரஸ் மருந்துகள் ஜெர்மனி, ஜப்பான், கென்யா, தென்னாப்பிரிக்கா நாடுகளின் நீர்நிலைகளில் அகப்பட்டுள்ளன.

★ பயப்பட வேண்டுமா?
மருந்து எச்சத்தைப் பெரும்பாலும் நானோகிராம் கணக்கில்தான் அளக்கிறார்கள். லிட்டருக்கு 1 நானோகிராம் என்றால், 93.47 டி.எம்.சி. நிரம்பிய மேட்டூர் அணை முழுவதிலும் சேர்த்து இரண்டரை கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு டம்ளர் குடித்தால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மீனும் பாசியும் நுண்ணுயிரும் ஆயுள் முழுவதும் அந்தத் தண்ணீரிலேயே வாழ்கின்றன. கவலை அங்கேதான் தொடங்குகிறது.

★ வாத்து சொன்ன சேதி
ஃப்ளூ வைரஸுக்கு நீர்ப்பறவைகள் இயற்கையான இருப்பிடம். ஸ்வீடன் ஆய்வாளர்கள், ஃப்ளூ வைரஸ் தொற்றிய காட்டு வாத்துகளை ஓசெல்டமிவிரின் செயல் வடிவம் கலந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் இருந்தபோதே வாத்தின் வயிற்றிலிருந்த வைரஸ் மருந்துக்கு அடங்காத வகையாக மாறியது. 2011-இல் வெளியான ஆய்வு இது. நோய் வரும்போது நமக்குக் கைகொடுக்க வேண்டிய மருந்து, ஆற்றிலேயே பலம் இழக்கலாம் என்பது இதன் எச்சரிக்கை.

★ கழிவுநீர் நிலையம் போதாதா?
போதாது. வழக்கமான நிலையங்கள் மலக்கழிவையும் சகதியையும் நீக்கவே கட்டப்பட்டவை. ஓசெல்டமிவிரின் செயல் வடிவம் அவற்றைப் பெரும்பாலும் அப்படியே கடந்துவிடுகிறது. அக்கி மருந்தான அசிக்ளோவிரை அங்குள்ள பாக்டீரியா கார்பாக்சி அசிக்ளோவிர் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. பழைய பெயரைத் தேடினால் மருந்து போய்விட்டது போலத் தெரியும். புதுப் பெயரில் அது ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கும்.

★ வீட்டு யு.வி. ஃபில்டர் மருந்தை நீக்குமா?
நீக்காது. புற ஊதா ஒளியால் குடிநீரிலுள்ள கிருமியைக் கொல்லும் முறையை பிரான்ஸின் மார்செய் நகரம் 1910-லேயே முயன்றது. இன்று நம் சமையலறைச் சுவரில் தொங்கும் கருவி செய்வதும் அதே வேலைதான். கிருமிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் அளவு ஒளி போதும். மருந்து மூலக்கூறுகளை உடைக்கும் நிலையங்களில் 500-க்கும் மேல் பாய்ச்சுகிறார்கள். கூடவே இன்னொரு பொருளும் வேண்டும்.

★ அந்த இன்னொரு பொருள்
புண் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் அது. லிட்டருக்குச் சில மில்லிகிராம் கலந்த தண்ணீர் ஒரு எஃகு உருளைக்குள் நுழைகிறது. உள்ளே குவார்ட்ஸ் கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாதரச விளக்கு. 254 நானோமீட்டர் ஒளி பட்டதும் பெராக்சைடு மூலக்கூறு இரண்டாகப் பிளந்து, இரண்டு ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் பிறக்கின்றன. கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறு துளிகூட அவற்றுக்கு ஆயுள் இல்லை. அதற்குள் எதிர்ப்பட்ட மருந்து மூலக்கூறைத் தாக்கி உடைத்துவிடுகின்றன. மிஞ்சும் பெராக்சைடை ஆக்டிவேட்டட் கார்பன் படுகையில் நீக்கிய பிறகே தண்ணீர் வெளியேறும்.

★ ஒளிக்கு மட்டும் அடங்குவதும், அடங்காததும்
டைக்ளோஃபெனாக் புற ஊதா ஒளி பட்டாலே சீக்கிரம் சிதைகிறது. கார்பமாஸெபைன் வெறும் ஒளிக்கு அசைந்து கொடுக்காது. ஹைட்ராக்சில் வந்தால்தான் உடையும். காவிரியில் இரண்டுமே இருப்பதால் ஒளியும் பெராக்சைடும் சேர்ந்த முறையே பலன் தரும்.

★ பாறு கழுகுகள் ஏன் அழிந்தன?
மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிக் கொன்றது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் கழுகுகள் பெருமளவு செத்துத் தீர்ந்தன. மருந்து எச்சம் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டால் இழப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதை நம் நாடே அனுபவித்துவிட்டது.

★ தருமபுரித் தண்ணீருக்குத் தனி கவனம்
இங்குள்ள போர்வெல் நீர் கடினமானது. அதிலுள்ள பைகார்பனேட், ஹைட்ராக்சிலை மருந்துக்கு முன்பே பிடித்துத் தின்றுவிடும். சுண்ணாம்புச் சத்து குவார்ட்ஸ் குழல் மீது வெள்ளைப் படிவாக ஒட்டி ஒளியை மறைக்கும். அடிக்கடி துடைக்க வேண்டும். காவிரியில் வேறு சிக்கல். கர்நாடக அணைகள் திறந்து ஒகேனக்கல்லில் செந்நிற வெள்ளம் பாயும் நாட்களில் கலங்கல் நீரை ஒளி ஊடுருவாது. ஆகவே மணல் வடிகட்டிக்குப் பிறகுதான் விளக்கு உருளையை வைக்க வேண்டும்.

★ ஃபுளோரைடு போகுமா?
போகாது. மருந்து கார்பன் பிணைப்புகளால் ஆன மூலக்கூறு என்பதால் அதை உடைக்கலாம். ஃபுளோரைடு ஒரு தனிமத்தின் அயனி. உடைக்க அதில் ஒன்றுமில்லை. ஆக்டிவேட்டட் அலுமினாவில் ஒட்டவைக்கலாம், ஆர்.ஓ. சவ்வில் தடுக்கலாம், இல்லையென்றால் வேறு தண்ணீர் கொண்டுவர வேண்டும். கடைசி வழிதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பானின் ஜெய்கா நிறுவனக் கடனுதவியோடு நடந்த இத்திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

★ வேறெங்கே நடக்கிறது?
நெதர்லாந்தின் ஆண்டைக் குடிநீர் நிலையம் 2004 முதல் புற ஊதா ஒளியும் பெராக்சைடும் சேர்ந்த முறையைக் கையாள்கிறது. ஓசோன் முறையில் உருவாகும் புரோமேட் என்ற கெட்ட பொருள் இதில் உருவாகாது என்பது அவர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். அமெரிக்காவின் ஆரஞ்சு கவுண்டி, 2008 முதல் சாக்கடை நீரையே நுண்வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதா ஒளியும் பெராக்சைடும் என மூன்று படிகளில் சுத்தம் செய்து நிலத்தடியில் சேமிக்கிறது.

★ செலவு யார் தலையில்?
விளக்குகள் எரிய மின்சாரம் நிறைய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய கழிவுநீர்ச் சட்டத்தில், மருந்து எச்சத்தை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நம் குடிநீர்த் தர விதியான ஐ.எஸ். 10500-இல் ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. மருந்து எச்சத்துக்கு வரம்பே இல்லை.

★ நாம் செய்யக்கூடியது
டாக்டர் எழுதிய மருந்தை முழுமையாகச் சாப்பிடுங்கள். தண்ணீரை நினைத்து நிறுத்திவிடாதீர்கள். சளிக்கெல்லாம் கடையில் நீங்களாகக் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். மீந்த மாத்திரையைக் கழிவறையிலோ கிணற்றிலோ கொட்டாதீர்கள். வீடுகளில் மீந்த மருந்தைத் திரும்ப வாங்கும் திட்டத்தைக் கேரளம் 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. இங்கேயும் அது வர வேண்டும்.

பெரிய வேலை அரசுகளுடையது. ஆறு முழுவதற்கும் விளக்குப் போட முடியாது. மருந்து செறிந்து வெளியேறும் ஆஸ்பத்திரிக் கழிவுநீரிலும் மருந்து ஆலைக் கழிவுநீரிலும் புற ஊதா முறையை வைத்தால் குறைந்த செலவில் நிறையத் தடுக்கலாம். ஒகேனக்கல்லில் எடுக்கும் நீரை மருந்து எச்சத்துக்காக ஆண்டுதோறும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். ஃபுளோரைடு விஷயத்தில் பிள்ளைகளின் பல்லில் கறை ஏறிய பிறகே நாடு விழித்துக்கொண்டது. இந்த முறை முன்கூட்டியே கேட்போம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக வையுங்கள்.