அனுமதியற்ற வீடும் குடியிருப்பவர் உரிமையும்

2021 செப்டம்பரில் ஐடா புயல்மழையின்போது நியூயோர்க் நகரின் நிலக்கீழ் வீடுகளில் 11 பேர் மாண்டனர். அவ்வீடுகளிற் பெரும்பாலானவை அனுமதியற்றவை. முறையிட்டால் தெருவுக்கு வந்துவிடுவோம் என்ற அச்சத்தால், இத்தகைய வீடுகளில் வாழும் ஏழைகள் குறைகளை வெளியிற் சொல்வதில்லை.

அந்நகரச் சட்டம் கூறுவதை நாம் அறிவது நன்று. வீடு அனுமதியற்றதாயினும், 30 நாட்கள் குடியிருந்தவரை நீதிமன்றக் கட்டளையின்றி உரிமையாளர் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் குற்றமாகும். மூன்று அல்லது கூடிய குடும்பங்கள் வாழும் கட்டடத்துக்குக் குடியிருப்புச் சான்றிதழ் இல்லையேல், வாடகை நிலுவையைப் பெரும்பாலும் வழக்கிட்டுப் பெறவும் இயலாது. எனினும் ஆபத்தெனக் கண்டு நகர நிர்வாகம் கட்டளையிட்டால் வெளியேறவே வேண்டும். அப்போது தற்காலிகத் தங்குமிடம் கேட்கலாம்.

பற்றுச்சீட்டுகளையும் தம் பெயருக்கு வந்த கடிதங்களையும் பத்திரப்படுத்தினால், அவை குடியிருந்தமைக்குச் சான்றாகும். அனுமதி பெறாதது உரிமையாளரின் தவறு; அதனாற் குடியிருப்பவர் உரிமையற்றவர் ஆகிவிடுவதில்லை என்பதை நாம் மறக்கலாகாது.