பெட்டி சுருங்கலாம், கன்ட்ரோலர் சுருங்கலாமா?

பழைய வீடியோ கேம் பெட்டியைச் சின்னதாக்கி மறுபடி விற்கும்போது எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக்கூடாது? நிண்டெண்டோவே இதற்கு இரண்டு விடை தந்திருக்கிறது. 2016 நவம்பரில் அமெரிக்காவில், தன் பழைய என்.இ.எஸ். பெட்டியின் குட்டி வடிவமாக அது விட்ட என்.இ.எஸ். கிளாசிக்கில் பெட்டி உள்ளங்கையில் அடங்கும். கன்ட்ரோலர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். என்.இ.எஸ்.ஸின் ஜப்பானிய வடிவம் ஃபேமிகாம்; அதே மாதம் ஜப்பானில் வந்த குட்டி ஃபேமிகாமில் கன்ட்ரோலரும் சேர்ந்து சுருங்கியது. 1983இல் வந்த அசல் ஃபேமிகாமில் கன்ட்ரோலர்கள் பக்கவாட்டுக் குழிகளில் அமர்ந்திருக்கும். அந்த அழகைக் காப்பாற்றப் போய், பெரியவர்களின் விரல்கள் இடித்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. முதல் விடைதான் சரி என்பேன். பழைய விளையாட்டின் ஞாபகம் கண்ணைவிடக் கட்டைவிரலில்தான் அதிகம் தங்குகிறது.

கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். கூட்டல் குறி போன்ற திசை பட்டனின் அடியில், நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது. பட்டன் அதன்மேல் சாய்ந்தாடுவதால் இடப்பக்கம் அமுங்கும்போது வலப்பக்கம் தானாக எழும்பும். நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் கையடக்க டாங்கி காங் விளையாட்டுக்காக உருவாக்கிய அமைப்பு இது. அதற்கும் கீழே ஒரு ரப்பர் விரிப்பு; அதன் ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் ஒரு கரிப்பொட்டு. அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் முரண்டு பிடித்து, சட்டென்று அமுங்கும். கரிப்பொட்டு போர்டின் செம்புக் கோடுகளைத் தொட, மின்சுற்று இணையும். மரியோ எப்போது தாவ வேண்டும் என்பதை விரல் கற்றுக்கொண்டது அந்த முரண்டை வைத்துத்தான். ரப்பரின் விறைப்பு மாறினால் திரையில் ஓடுவது அதே விளையாட்டாக இருந்தாலும் கைக்கு அது புதிது.

அப்படியானால் அச்சு அசலாக நகலெடுத்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது. 2018இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக், 1994ஆம் ஆண்டின் அனலாக் குச்சி இல்லாத கன்ட்ரோலரையே கொடுத்தது. ஆனால் 1997இல் குச்சிகள் கொண்ட டூயல்ஷாக் கன்ட்ரோலர் வந்தபின் விளையாடத் தொடங்கியவர்கள் மெட்டல் கியர் சாலிட் போன்ற விளையாட்டுகளைக் குச்சியோடுதான் பழகியிருந்தார்கள். அந்த நகல் பெட்டிக்கு விசுவாசமாக இருந்தது, விளையாடியவர்களின் கையை மறந்துவிட்டது. என்.இ.எஸ். கிளாசிக்கிலும் ஒரு குறை உண்டு: ஒயர் சுமார் இரண்டரை அடிதான், அசலில் அதுபோல மூன்று மடங்கு.

நம் பக்கம் கணக்கு இன்னும் வேறு. தேவாரம், போடி போன்ற ஊர்களில் 90களில் வளர்ந்த பலருக்குத் தெரிந்த ‘டிவி கேம்’, மீடியா, சாமுராய் போன்ற பெயர்களில் இந்தியாவில் விற்ற ஃபேமிகாம் வகைப் பெட்டிதான். இந்த வகைக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் ஏ, பி பட்டன்களுக்கு மேலே இரண்டு டர்போ பட்டன்கள் இருக்கும்; அழுத்திப் பிடித்தால் போதும், கான்ட்ரா விளையாட்டில் குண்டு மழையாகப் பொழியும். இப்படிப்பட்ட நகல் பெட்டியின் நினைவுக்கு என்ன மதிப்பு என்று சிலர் கேட்கக்கூடும். கட்டைவிரலுக்குக் கம்பெனி பெயர் தெரியாது. தொட்டது எதுவோ அதுவே அதற்கு அசல். நமக்காக யாராவது ஒரு குட்டிப் பெட்டி செய்தால் அந்த டர்போ பட்டன்கள் கட்டாயம் இருக்க வேண்டும், ஒயரும் டிவியிலிருந்து பாய் விரித்த இடம்வரை எட்ட வேண்டும்.