கோடைப் பருவமும் காட்டுத் தீயும்: நைனிதால் உணர்த்தும் பாடம்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், உத்தராகண்ட் மாநிலத்தின் நைனிதால் நகரை அடுத்த மலைச்சரிவுகளில் பற்றிய தீ, உயர் நீதிமன்றக் குடியிருப்பு அமைந்துள்ள பைன்ஸ் பகுதியை நெருங்கியது. இராணுவத்தினர் உதவிக்கு அழைக்கப்பட்டனர். ஏப்ரல் 27ஆம் தேதி இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர், அருகிலுள்ள பீம்தால் ஏரியிலிருந்து நீரை முகந்து எரியும் சரிவுகளின்மீது கொட்டியது. நைனி ஏரியில் படகுச் சவாரி நிறுத்தி வைக்கப்பட்டது.

இச்செய்தியின் கடைசி வரியைச் சற்று நின்று நோக்க வேண்டும். தீ ஏரிக்கரையை எட்டவில்லை. ஆயினும் துடுப்பு வலிப்பவரின் அன்றைய கூலி நின்றது. மலை வாழிடங்களில் தீப்பருவமும் வருவாய்ப் பருவமும் ஒன்றே. உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான காலத்தை வனத்துறை தீப்பருவமாகக் கொள்கிறது. சமவெளி மக்கள் வெயிலுக்கு அஞ்சி மலையேறுவதும் அப்பருவத்தின் பிற்பகுதியிலேயே. விடுதி உரிமையாளர், வாடகைக் கார் ஓட்டுநர், சிற்றுண்டிக் கடைக்காரர், குதிரைக்காரர் ஆகியோர் ஆண்டின் பெரும்பகுதிக்கான வருவாயை ஈட்டும் மாதங்கள் ஏப்ரல், மே, ஜூன் ஆகியவை. ஆதலால் அங்கே காட்டுத் தீ என்பது உயிரையும் உடைமையையும் மட்டுமன்றி, ஓராண்டின் வரவுசெலவையும் தொடும் செய்தி ஆகும்.

தீ விரைந்து பரவுவது ஏன்?

குமாவோன் மலைகளில் ஏறத்தாழ 500 மீட்டர் முதல் 2,000 மீட்டர் உயரம் வரை சிர் பைன் மரங்கள் மிகுதியாக வளர்கின்றன. கோடைத் தொடக்கத்தில் இவை தம் ஊசியிலைகளை உதிர்க்கும். ‘பிருல்’ என்று மலைமக்கள் அழைக்கும் இவ்விலைகளில் பிசின் மிகுந்துள்ளது, எளிதில் மட்குவதில்லை. மழை பொய்த்த குளிர்காலத்திற்குப் பின் அவை தரையில் பஞ்சு மெத்தைபோல் காய்ந்து கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும்.

சரிவு இரண்டாவது காரணம். கீழிருந்து எழும் வெப்பம் மேலேயுள்ள இலைகளை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவின் சாய்வு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. சமதரையில் நடந்தே கடக்கக்கூடிய தீயைச் செங்குத்தான சரிவில் ஓடியும் வெல்ல இயலாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காய்ந்த புல் நிறைந்த சரிவில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரம் தமிழ் வாசகர்களின் நினைவில் இருக்கும்.

காற்று மூன்றாவது. பகலில் கதிரவனால் சூடேறிய காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். இரவில் குளிர்ந்து கீழ்நோக்கி இறங்கும். மாலையில் நம்மைவிட்டு விலகிச் செல்வதாகத் தோன்றும் தீ, இரவில் திரும்பி வருவது இதனால்தான். தீப்பற்றிய பைன் கூம்புகள் சரிவில் உருண்டு, தீத்தடுப்புக் கோடுகளையும் சாலைகளையும் கடந்து, கீழேயுள்ள காட்டில் புதிய தீயை மூட்டுவதும் உண்டு.

தீயை மூட்டுவது யார்?

2024ஆம் ஆண்டுத் தீ தொடர்பான வழக்கில், அவை மனிதர்களால் ஏற்பட்டவை என்றே மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறியது. மழையையோ செயற்கை மழையையோ நம்பியிருப்பது தீர்வாகாது என நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அணைக்காத பீடித் துண்டு, சமைத்தபின் கைவிடப்பட்ட அடுப்பு, சாலையோரக் குப்பையை எரித்தல், இளம்புல் முளைக்க வேண்டிக் காய்ந்த புல்லுக்கு இடும் தீ எனக் காரணங்கள் பல.

மலைமக்கள்மீதே பழியனைத்தையும் சுமத்துவதும் நேர்மையாகாது. 1921ஆம் ஆண்டு குமாவோன் காடுகளில் பெருந்தீ மூண்டது. ஆங்கிலேய அரசு காடுகளை ஒதுக்கீட்டுக் காடுகளாக்கி, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் இருந்த வழக்கமான உரிமைகளைச் சுருக்கியதற்கு எதிரான சினமே அதில் வெளிப்பட்டது. இதன் பயனாக 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. இன்று உத்தராகண்டில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. காட்டைத் தமது என்று கருதும் ஊரே தீயைக் கண்டவுடன் ஓடிவரும் என்பது இவ்வரலாறு தரும் செய்தி.

புகையின் நடுவே வாழ்வோர்

தீ ஊருக்குள் நுழையாத நாள்களிலும் அதன் அருகே வாழ்வது எளிதன்று. புகையின் நுண்துகள்கள் ஆஸ்துமா நோயாளிகளையும் குழந்தைகளையும் முதியோரையும் முதலில் தாக்குகின்றன. ஒற்றைச் சாலையை நம்பிய ஊர்களில் அச்சாலை மூடப்பட்டால் பாலும் காய்கறியும் வருவதில்லை. நோயாளியை வெளியே கொண்டுசெல்லவும் இயலுவதில்லை. மின்கம்பிகளும் கைபேசிக் கோபுரங்களும் பாதிக்கப்பட்டால், எண்ணிமப் பணப் பரிமாற்றத்தையே நம்பிய கடைகள் வாடிக்கையாளர் எதிரே நின்றும் விற்க இயலாத நிலைக்கு ஆளாகின்றன. அறைகளை முன்பதிவு செய்தோர் செய்தியைக் கண்டு பயணத்தைக் கைவிடுகின்றனர். முன்பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விடுதியாளரைச் சேர்கிறது.

இவையனைத்தினும் கடியது தீயோடு நேருக்கு நேர் நிற்போரின் நிலை. 2024 ஜூன் 13ஆம் தேதி அல்மோரா மாவட்டத்துப் பின்சர் வனவிலங்கு சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர் நால்வர் அன்றே உயிரிழந்தனர். காயமுற்றோருள் சிலரும் பின்னர் மாண்டனர். பசுங்கிளைகளால் அடித்தும், தரையிலுள்ள சருகைக் கூட்டி ஒதுக்கியும் தீயை அணைப்பதே இன்றளவும் மலைச்சரிவுகளில் பெருவழக்கு. ஹெலிகாப்டர் செய்தியில் இடம்பெறுகிறது. சருகைக் கூட்டியவர் இடம்பெறுவதில்லை.

வீட்டையும் கடையையும் காத்தல்

காட்டுத் தீயில் வீடுகள் பலவும் நேரடிச் சுவாலையால் எரிவதில்லை. காற்றில் பறந்துவரும் தீப்பொறி கூரையின் சருகிலோ, சுவரோரம் அடுக்கிய விறகிலோ விழுந்து கனன்று, தீயணைப்போர் அவ்விடத்தைக் கடந்துபோன பின்பே வீட்டைப் பற்றுகிறது. காட்டுத் தீயை ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் அமெரிக்காவில், சுவரையொட்டிய ஏறத்தாழ 1.5 மீட்டர் அகலத்துக்கு எரியக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது என்பது வீட்டுப் பாதுகாப்பின் முதல் விதி. நம் மலை வீடுகளுக்கும் இது பொருந்தும். பிப்ரவரி பிறக்கும் முன்பே பின்வருவனவற்றைச் செய்து முடித்தல் நலம்.

கூரையிலும் நீர்வடிகால்களிலும் தேங்கிய இலைகளை அகற்றுக. விறகு, வைக்கோல், பழைய மரச்சாமான்கள் ஆகியவற்றைச் சுவரிலிருந்து விலக்கி வைக்க. காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய கம்பிவலை இடுக. நீர்த்தொட்டியை நிரப்பி வைப்பதோடு, மின்சாரம் இன்றியும் நீர் எடுக்க வழி செய்க. ஊரைவிட்டு வெளியேற இரண்டு வழிகளையேனும் வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும். தீ தென்பட்டால் 112 என்ற அவசர எண்ணுக்கோ, 1077 என்ற மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கோ தெரிவிக்க வேண்டும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீப்புள்ளிகளைக் கண்டறிந்து குறுஞ்செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் அதன் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

வெளியேறுமாறு அதிகாரிகள் அறிவித்தால் தயங்குதல் கூடாது. உடைமையைக் காக்க எண்ணிக் கடைசி நேரம்வரை காத்திருப்போர், புகை சூழ்ந்த சாலையில் வழியறியாது சிக்குகின்றனர்.

காப்பீடும் கடனும்

காட்டுத் தீயால் விளையும் இழப்பு தம் காப்பீட்டில் அடங்குமா என்பதைப் பலர் தீ வந்தபின்பே படித்தறிகின்றனர். பழைய பொதுவான தீக்காப்பீட்டுப் பத்திரத்தில் புதர்த்தீ அடங்கும். ஆனால் காட்டுத் தீக்குத் தனியே கூடுதல் பாதுகாப்பு பெற வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் வீட்டுக் காப்பீட்டில் புதர்த்தீ, காட்டுத் தீ, நிலச்சரிவு ஆகிய மூன்றும் அடங்கும். கட்டடத்தைக் காப்பீடு செய்தால், வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடக் காப்பீட்டுத் தொகையின் 20 விழுக்காடு வரை, 10 இலட்சம் ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, பாதுகாப்பு தானே கிடைக்கிறது. மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மிகாத தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் பத்திரம் உண்டு.

வாசகர்கள் மூன்று செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது: காப்பீட்டுத் தொகை மனையின் விலையைக் கொண்டன்று, கட்டடத்தை மீண்டும் எழுப்ப ஆகும் செலவைக் கொண்டு குறிக்கப்படுதல் வேண்டும். மலையில் மணலும் சிமெண்டும் ஏற்றிச்செல்லும் கூலியே பெரிது. இரண்டாவது: குடியிருக்கும் வீட்டின் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவோர், அதனைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் தெரிவித்துத் தமக்குரிய பத்திரம் எது எனக் கேட்டறிய வேண்டும். மூன்றாவது: கட்டடம் எரியாமல் வருவாய் மட்டும் நின்றால், வழக்கமான தீக்காப்பீடு அவ்விழப்பை ஈடு செய்யாது. காட்டுத் தீயருகே தொழில் செய்வோருக்கு இதுவே பெரும்பாலும் நேரும் இழப்பு. மூன்று மாதச் செலவுக்கும் தவணைக்கும் ஈடான தொகையைத் தொடர்வைப்பாகவோ குறுகிய கால வைப்பாகவோ ஒதுக்கி வைப்பதொன்றே இதற்கு எளிய அரண்.

கடன் பெற்றுத் தொழில் செய்வோர், அடமானப் பொருள்களுக்கான காப்பீட்டுப் பத்திரத்தின் நகலை வங்கிக் கிளையில் கேட்டுப் பெறுக. அதில் குறித்துள்ள முகவரியும் சரக்கு மதிப்பும் இன்றைய நிலைக்குப் பொருந்துகின்றனவா எனச் சரிபார்க்க. தேசியப் பேரிடர் நிவாரண விதிகளில் தீயும் ஒரு பேரிடராகவே இடம்பெற்றுள்ளது. அரசு ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டதாக அறிவிக்குமாயின், இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறைக்கு உட்பட்டுக் கடன் தவணைகளை மாற்றியமைக்க வங்கிகளால் இயலும். தவணை தவறும் முன்பே கிளை மேலாளரைக் காண்பவருக்கு வழிகள் மிகுதி. தவறிய பின் காண்பவருக்கு அவை குறைவு.

வீட்டுப் பத்திரம், காப்பீட்டுப் பத்திரம், ஆதார், கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை டிஜிலாக்கரிலும் வெளியூர் உறவினர் ஒருவரிடத்தும் வைத்திருத்தல் நன்று. வீடு, கடை, சரக்கு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை கைபேசியில் நிழற்படம் எடுத்து வைத்தால் இழப்பீடு கோருகையில் வாதம் குறையும். கையில் சிறிதளவு ரொக்கமும் இருக்கட்டும்.

தீ அணைந்த பின்னர்

மழை வந்து தீயை அணைத்துவிட்டால் இடர் தீர்ந்ததென எண்ணுதல் கூடாது. புல்லும் சருகும் எரிந்த சரிவில் மழைநீர் ஊறாது வழிந்தோடும். மண்ணைப் பற்றிய வேர்கள் தளரும். நைனிதால் இதனைக் குறித்து அசட்டையாக இருக்கக்கூடிய ஊரன்று. 1880 செப்டம்பர் 18ஆம் தேதி பெருமழைக்குப் பின் நேர்ந்த நிலச்சரிவில் அங்கே 151 பேர் மாண்டனர். அதற்குக் காரணம் தீ அன்று. ஆயினும் அம்மலையின் மண் எத்தகையது என்பதை அந்நாள் காட்டியது. எரிந்த சரிவின் அடிவாரத்தில் வாழ்வோர் முதல் பருவமழைக்கு முன் வடிகால்களைச் சீரமைத்துக்கொள்ள வேண்டும்.

கோடை விடுமுறைக்கு மலையேறும் நம் வாடிக்கையாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காட்டோரம் தீ மூட்டாதிருத்தல், பீடி சிகரெட் துண்டுகளை வண்டியிலிருந்து எறியாதிருத்தல், மூடிய பாதைகளில் நுழையாதிருத்தல் ஆகியவை பொருட்செலவற்ற கடமைகள். தீயினால் பயணத்தை ஒத்திவைக்க நேர்ந்தால், முன்பதிவை முற்றிலும் கைவிடாமல் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ள விடுதியாளரிடம் கேட்டுப் பாருங்கள். தீ அணைந்த மலையில் விருந்தினரை எதிர்நோக்கிக் காத்திருக்கும் குடும்பத்துக்கு, அந்த ஒரு தொலைபேசி அழைப்பு அப்பருவத்தின் கடைசித் தவணையைக் கட்ட உதவக்கூடும்.