கார் பெயின்ட்டின் சுழல் கீறல்கள்: வீட்டில் பாலிஷ் போடுவோர் அறிய வேண்டியவை

கழுவித் துடைத்த கருநிறக் காரை நண்பகல் வெயிலிலோ இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழோ பார்க்கும்போது, ஒளி விழும் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை விரித்தாற்போல் மெல்லிய கோடுகள் வட்டமாகத் தெரிவதுண்டு. பெயின்ட் தொழிலில் ஸ்வர்ல் மார்க் எனப்படும் இவற்றை இக்கட்டுரை சுழல் கீறல்கள் எனக் குறிக்கும். இக்கீறல்களிற் பெரும்பாலானவை உண்மையில் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் ஓடும் நுண்கீறல்களுள், விளக்கிலிருந்து வரும் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே அவ்வொளியைக் கண்ணை நோக்கித் திருப்புவதால் வட்டம் போன்ற தோற்றம் உண்டாகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்வதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களிலும் இவை இருக்கின்றன. வெளிர் நிறப் பின்னணியில் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படுவதில்லை, அவ்வளவே.

இக்கீறல்களை நீக்குவதாகச் சொல்லும் எந்த முறையையும் எடைபோடுவதற்கு முன் பெயின்ட்டின் அமைப்பை அறிய வேண்டும். இன்றைய கார்களின் உலோகத் தகட்டின்மீது முதலில் மின்னோட்டத்தின் உதவியால் படியவைக்கப்படும் துருத்தடுப்புப் பூச்சும், அதன்மேல் பிரைமரும், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட்டும், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சும் அமைகின்றன. இவை அனைத்தும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரையே இருக்கும். கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்பதை எண்ணினால், கிளியர் கோட் எத்துணை மெல்லியது என்பது விளங்கும். சுழல் கீறல்கள் இந்த மேல்படலத்திலேயே உள்ளன. பாலிஷ் போடுவது என்பது, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் தேய்த்துக் கழித்துச் சமன்செய்வதே ஆகும். பேஸ் கோட்டின் நிறம் வெளுக்காமல் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதும் இதே கிளியர் கோட் என்பதால், கழிக்கப்பட்ட ஒவ்வொரு மைக்ரானும் வெயிலுக்கு எதிரான காப்பில் குறைவே. தொழிற்சாலையில் ஒருமுறை படிந்த இப்படலம் தானாக வளர்வதில்லை. ஆகவே அதில் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதை அறிவது உரிமையாளரின் முதல் உரிமை. அதை மறைத்து வெறும் பளபளப்பை மட்டும் காட்டுவது அவருக்கு இழைக்கப்படும் அநீதி.

கீறல்கள் சாலையில் விழுவதைக் காட்டிலும் துடைக்கும்போது விழுவதே மிகுதி. நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதச் சம்பளத்துக்குக் கார் துடைப்பவர் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியும் கொண்டு பல கார்களைத் துடைத்து முடிக்க வேண்டியிருக்கிறது. முதல் காரின் அடிப்பகுதியிலிருந்து துணியில் ஏறிய மணல் வாளியின் அடியில் இறங்கி, அடுத்த முக்கலில் மீண்டும் துணியில் ஏறி, மூன்றாவது காரின் பானெட்டில் உராய்கிறது. இதற்கு அத்தொழிலாளியைக் குறைகூறுவது முறையன்று. ஓடும் தண்ணீரையும், அலசுவதற்கு இரண்டாவது வாளியையும், காருக்கு ஒரு துணியையும் தர வேண்டியவர்கள் குடியிருப்போரே. அச்செலவு ஒரு பாலிஷ் செலவில் சிறு பங்குகூட ஆகாது. ஒர்க் ஷாப்களில் துடைப்பதற்குப் பயன்படும் பனியன் வேஸ்ட் துணியும் கவனத்துக்குரியது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஏற்ற அத்துணியின் தையல் விளிம்பும் அதில் ஒட்டிய இரும்புத் துகளும் பெயின்ட்டின் மேல் உராயத் தகாதவை. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பதும், உப்பு மிகுந்த போர் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட்டு, வெண்புள்ளியாகப் படிந்த உப்பை அழுத்தித் தேய்ப்பதும் இதே விளைவைத் தருகின்றன. இப்பழக்கங்களை மாற்றாமல் பாலிஷ் போடுபவரின் காரில் சில மாதங்களில் கீறல்கள் திரும்பி வரும். கழிந்த பெயின்ட் மட்டும் திரும்பாது.

அவ்வாறு மாற்றிய பின்னும் கீறல்களை நீக்க விரும்புவோர் முதலில் நகத்தால் சோதிக்க வேண்டும். விரல்நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல இழுக்கையில் நகம் சிக்கினால், அது பாலிஷால் நீங்காத ஆழத்தில் உள்ளது எனக் கொண்டு அதை விட்டுவிடுவதே அறிவு. அடுத்து, காரை நன்கு கழுவி, கையால் தடவினால் நெருடும் ஒட்டுத் துகள்களைக் கிளே பார் எனப்படும் களிமண் போன்ற பசையால், போதிய வழுவழுப்பு நீர்மம் தெளித்து நீக்க வேண்டும். வீட்டுப் பயனாளருக்கு ஏற்றது டூயல் ஆக்ஷன் பாலிஷர் ஆகும்; இதன் தட்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சிறு வட்டப் பாதையிலும் அசைவதால், ஒரே இடத்தில் வெப்பம் குவிவது குறைகிறது. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி எந்திரம் விரைவாக வேலை செய்தாலும், பயிற்சியில்லாத கையில் அது பெயின்ட்டைச் சுட்டுவிடவோ, ஹோலோகிராம் எனப்படும் புதிய அலைத் தடங்களைப் பதித்துவிடவோ கூடும்.

முழுக் காரிலும் தொடங்காமல், கண்ணில் அதிகம் படாத ஓரிடத்தில் மிக மென்மையான ஃபோம் பேடையும் மிக நுண்ணிய பாலிஷையும் கொண்டு சோதித்து, அது போதாதபோது மட்டுமே அடுத்த வன்மைக்குச் செல்வது இத்தொழிலின் அடிப்படை ஒழுங்கு. நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் வேளையில், ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் இரண்டடிச் சதுரப் பகுதியை எடுத்துக்கொண்டு, பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு பாலிஷ் இட்டு, குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை மெதுவாக ஓட்டினால் போதும். கதவின் ஓரம், பானெட்டின் மடிப்புக் கோடு முதலிய விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியதாக இருப்பதால், அவற்றை மாஸ்கிங் டேப்பால் மூட வேண்டும். வேலை முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. பாலிஷில் உள்ள எண்ணெயும், கிளேஸ் வகைகளில் உள்ள நிரப்பிகளும் கீறலை மறைத்து நீங்கியதுபோல் காட்டக்கூடியவை. இந்தத் துடைப்பு உண்மையைக் காட்டிவிடும். இந்நீர்மம் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் இருக்கலாகாது.

கிளியர் கோட் முழுதும் கழிந்து பேஸ் கோட் வெளிப்படுவதே பெயின்ட்டுக்கு நேரும் தலையாய ஆபத்து. கார் நிறத்தில் பேடில் கறை ஏறினால், ஒற்றைப் படலப் பழைய பெயின்ட் அல்லாத கார்களில், அக்கணமே நிறுத்த வேண்டும். அதன்பின் மறு பெயின்ட் ஒன்றே வழி. பிளாஸ்டிக் பம்பர் வெப்பத்தை உலோகம்போல் பரவவிடாததால் விரைவில் சூடேறும். உடலுக்கு நேரும் ஆபத்தோ இவற்றைவிடப் பெரிது. மலிவு கருதி இரும்பு அறுக்கும் சிறு ஆங்கிள் கிரைண்டரில் பாலிஷ் பேடைப் பொருத்துவோர் உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுழலும் அந்த எந்திரத்தில், அவ்வேகத்துக்கு வடிவமைக்கப்படாத பேட் பிய்ந்து முகத்தில் அடிக்கலாம். ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரும் ஈரக் கையும் சேர்ந்தால் உயிருக்கே கேடு. 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் வழியாகவே எந்திரத்தை இயக்க வேண்டும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை ஆகியன சுழலும் தட்டில் சிக்காமல் காக்கவும், கண்ணாடியும் முகக்கவசமும் அணியவும் தவறலாகாது.

கடையில் வாங்கும் பாலிஷ் காம்பவுண்ட், பேட், எந்திரம் ஆகிய அனைத்தையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உள்ளடக்குகிறது. பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை அது நுகர்வோருக்குத் தருகிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்சச் சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் ஆகியன உறையின்மீது இருத்தல் வேண்டும். பெரிய டின்னிலிருந்து பிரித்துப் பெயரில்லாப் புட்டியில் விற்கப்படும் காம்பவுண்டை வாங்குபவர், பின்னர் எவரையும் பொறுப்பாக்க வழியற்றுப் போகிறார். சரியான பயன்பாட்டு முறையோ எச்சரிக்கையோ போதிய அளவில் தரப்படாத பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால், தயாரிப்பாளர் பொருள் பொறுப்பு என்ற தலைப்பில் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியோ மாற்றியமைத்தோ தீங்கு நேர்ந்திருந்தால் விற்பனையாளர்மீது அவ்வழக்குத் தொடர இயலாது. கிரைண்டரில் பேட் பொருத்தியவர் காயத்தோடு இந்தப் பாதுகாப்பையும் இழக்க நேரும்.

செராமிக் கோட்டிங் விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் 9எச் கடினத்தன்மை என்ற சொல்லைத் தனியே விளக்க வேண்டும். இது பென்சில் கடினச் சோதனையின் அளவீடு. பல கடினத் தரங்களில் உள்ள பென்சில்களைப் பூச்சின்மேல் அழுத்தி உரசி, எது கீறுகிறது எனப் பார்ப்பதே அச்சோதனை. கனிமங்களின் கடினத்தை அளந்து வைரத்துக்கு 10 எனத் தரும் மோஸ் அளவுகோலோடு இதற்குத் தொடர்பில்லை. சாலை மணலில் நிறைந்துள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7 ஆகும். எனவே 9எச் செராமிக் கோட்டிங் போட்ட காரிலும் மணல் கலந்த துணி கீறலிடும். கீறலே விழாது என வாக்களிப்பது தவறான விளம்பரம் எனக் கருதத்தக்கது; அத்தகைய விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

ரப்பிங், பாலிஷிங் வேலையை ஒர்க் ஷாப்பில் தருவோர், பெயின்ட் தடிமனைக் காட்டும் கையடக்கக் கருவியால் ஒவ்வொரு தகட்டையும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதித் தருமாறு கேட்க வேண்டும். புதிய காரையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து, குறைகளை டெலிவரி தாளில் எழுதிக் கையொப்பம் பெற்ற பின்னரே ஏற்பது நன்று. மற்றத் தகடுகள் 110 மைக்ரான் காட்டும்போது ஒரு கதவு மட்டும் 200ஐத் தாண்டினால், அது மறு பெயின்ட் செய்யப்பட்டதா என விளக்கம் கேட்க வேண்டும். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளை, பில்லில் வேறு காலவரம்பு இல்லாதபோது 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள் எனச் சட்டமே வரையறுத்துள்ளது.

குறை நேர்ந்தால் அன்றே, காரை மீண்டும் கழுவுவதற்கு முன், படமெடுத்து, எழுத்து வழியாக நிறுவனத்துக்குத் தெரிவித்து, பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன்பின், தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. வணிக நோக்கில் வாங்கியவருக்கு இச்சட்டம் பொருந்தாதெனினும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு மட்டும் ஒரு வாடகைக் கார் ஓட்டுபவர் நுகர்வோராகவே கருதப்படுவார். ஒர்க் ஷாப்பின் தவறால் மறு பெயின்ட்டுக்கு வண்டி நின்ற நாள்களில் இழந்த வருமானத்தையும் அவர் தம் மனுவில் கணக்கிட்டுக் கேட்கலாம்.